ரஸ்கிராட் லைனில் ஒரு திருடன்

புதன்கிழமையும் விதைக் கம்பெனியின் ரஸ்கிராட் கிளையின் நெட்வொர்க் இணைப்பு நொண்டியடித்தது. வார்னா தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் ஸ்ட்ராஹிலின் மேஜையில் பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பம் பாதி கடித்தபடியே ஆறிக் கிடந்தது.

மேலாளர் டோச்கா வந்து நின்றாள். "விதை ஆர்டர் ஒண்ணுகூட வரல. நாளைக்குள்ள லைன் சரியாகலேன்னா அந்தக் கிளையையே மூடிடச் சொல்லிட்டாங்க."

"அங்க நாலு பேர் வேலை பாக்கறாங்க மேடம்."

"தெரிஞ்சுதான் உன்கிட்ட சொல்றேன்."

திங்கட்கிழமை காலையில் அந்தக் கிளையின் குமாஸ்தா பென்கா, "லைன் கொஞ்சம் மெதுவா இருக்கு தம்பி" என்றதுமே, ஸ்ட்ராஹில் கோளாறைக் கண்டுபிடிக்கப் பதிவுப் பெட்டி ஒன்றைப் பஸ்ஸில் அனுப்பி மாட்டச் சொல்லியிருந்தான். லைனில் ஓடும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும், அதாவது ஃபிரேமையும், நகலெடுத்து, அதே லைன் வழியாக வார்னாவுக்கு அனுப்பும் பெட்டி அது.

முதலில் ஃபிரேமின் முகவரி இருக்கும் தலைப்பை மட்டும் நகலெடுத்தான். ஒன்றும் பிடிபடவில்லை. முழு ஃபிரேமையும் எடுத்தான், லைன் இன்னும் மோசமானது. வழியில் தொலைந்ததையெல்லாம் திரும்ப அனுப்ப வைத்தான், லைன் படுத்தேவிட்டது. பென்காவைக் கேட்கலாம் என்றால் கிளையின் தொலைபேசியும் அதே லைனில்தான்.

வந்து சேர்ந்த கொஞ்சத்தை அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தான். பத்தில் ஒன்பது ஃபிரேம் ஒரே மெஷின் எண்ணிலிருந்து வந்திருந்தது. ஒன்றைப் பிரித்தால் உள்ளே இன்னொரு ஃபிரேம். அதற்குள்ளும் ஒன்று.

"எவனோ உள்ள புகுந்திருக்கான் மேடம். கெட்டிக்காரன்."

"பிடிச்சுட்டு வா" என்றாள் டோச்கா.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினான். நான்கு பேரும் மேஜைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

"பென்காக்கா, இந்த எண் எந்த மெஷினோடது?"

பென்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தாள். பிறகு மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினாள். "இந்த எண் இதுல ஒட்டியிருக்கே. உன் கையெழுத்துதான தம்பி?"

நகலையே நகலெடுத்து, அந்த நகலையும் நகலெடுத்து மூன்று நாளாக அனுப்பிக்கொண்டிருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கினான். தேங்கிக் கிடந்த ஆர்டர்கள் மளமளவென்று வார்னாவுக்குப் போயின. ஊழியர்களில் ஒருத்தி மேஜைமேல் தன் காபிக் கோப்பையைத் திரும்ப வைத்தாள்.

"அப்போ திங்கட்கிழமை காலையில என்னதான் கோளாறு?" என்று மெல்லக் கேட்டான்.

"அதுவா? உன் பெட்டி வந்து சேரறதுக்குள்ளயே அது தானா சரியாயிடுச்சு தம்பி. பெட்டிய மாட்டிட்டு அதைச் சொல்லலாம்னு அன்னிக்கிலேருந்து போன் போடறேன், லைன்தான் கிடைக்கல."