மரியக்காவின் முதல் கால்

பிரசங்க மேடையை விட ஓட்டுநர் இருக்கையில் அதிக நேரம் ஊழியம் செய்த போதகர் உலகத்திலேயே எங்கள் வேன் பாஸ்டர் ஒருவர்தான். மலேசியாவின் ஈப்போவில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில் சபை. ஞாயிறு காலை தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி, ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்த தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து பதினொரு பேரை ஏற்றி வருவார். வேன் கதவு இரண்டு உதையில் திறக்கும். மூன்றாவது உதையில் கழன்றுவிடும்.

தலைமைத்துவம் பற்றி நான் ஓர் அலமாரி நிறையப் படித்திருந்தேன். வழிநடத்தத்தான் ஆள் கிடைக்கவில்லை. மனைவி முன்பே மறுத்துவிட்டாள். ஆகவே சபைக்குப் போனேன்.

"பாஸ்டர், நானும் பிரசங்கம் பண்ணலாம்னு பாக்குறேன்."

"நல்லது லா, பிரதர்," என்று வேன் சாவியை என் கையில் வைத்தார். "மூணு மாசம் ஓட்டுங்க. அப்புறம் பரீட்சை."

மூன்று மாதமும் வேனை ஓட்டிக்கொண்டே வசனங்களை மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் ஒரே கேள்வி.

"மரியக்கா வேன்ல ஏறும்போது எந்தக் காலை முதல்ல வைப்பாங்க?"

"அது எந்த அதிகாரத்துல வருது, பாஸ்டர்?"

"இன்னும் மூணு மாசம் ஓட்டுங்க."

இரண்டாம் முறை "வலது" என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் அடுத்த ஞாயிறு மேடை எனக்கு.

'தலைவனுக்குரிய ஏழு தகுதிகள்', பதினெட்டுப் பக்கம். அன்றும் வேன் என் பொறுப்புதான். லயத்து முனையில் தகுதிகளை முணுமுணுத்தபடியே கண்ணாடியில் தலைகளை எண்ணினேன். பதினொன்று. கிளம்பிவிட்டேன்.

மேடை ஏறிப் பார்த்தால், முன்வரிசையில் முன்பின் பார்த்திராத ஒருவர், மடியில் இரண்டு கோழிகளுடன்.

"அண்ணே, நீங்க யாரு?"

"பசாருக்குப் போற வேன்னு ஏறிட்டேன் லா. பாட்டு நல்லா இருந்துச்சு, ஒக்காந்துட்டேன்."

பாஸ்டரின் முகம் மாறியது. "அப்ப மரியக்கா?"

பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டினேன்; மரியக்கா எதிலும் இல்லை. பாஸ்டர் என் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "நான் வர்ற வரைக்கும் பாடிக்கிட்டே இருங்க," என்று இறங்கிப் போனார். முக்கால் மணி நேரம் ஒரே பாட்டு. கோழிகளுக்கே மனப்பாடமாகியிருக்கும்.

மரியக்கா இடது முட்டியைப் பிடித்தபடி, வலது காலை முதலில் வைத்துப் படியேறி வந்தார். "ஏன் பிரதர், என்னை விட்டுட்டுக் கோழியை ஏத்திட்டு வந்தீங்களாமே?"

சபை குலுங்கிச் சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை.

"நான் இன்னும் மூணு மாசம் ஓட்டுறேன், பாஸ்டர்."

"அது அடுத்த வாரத்துலேருந்து. இப்ப பேசுங்க. அக்கா அதுக்குத்தானே ரோட்டுல அவ்வளவு நேரம் நின்னாங்க."

முதல் தகுதி, தன் மந்தையை ஒவ்வொருவராக அறிந்திருப்பது. நான் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. பாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது. பன்னிரண்டாவது ஆளாக அவரும் இப்போது வேனில்தான் வருகிறார். கதவை இரண்டே உதையில் திறந்து கை நீட்டுகிறேன். பாஸ்டர் இடது காலைத்தான் முதலில் வைப்பார். வலது முட்டியில் வலி. என்னிடம் அவர் சொன்னதில்லை.