ஒரே கடாவின் பக்தர்

காகம் இல்லாத ஊர் உண்டா? உயர்ந்த ரகத்துக்காரர் இல்லாத ஊரும் இல்லை. அவரை அடையாளம் காண்பது எளிது. மாம்பழம் கொடுத்தால் ருசி பார்க்கமாட்டார், என்ன ரகம் என்று கேட்பார். நாய் கடித்தால் காயத்தைக் கழுவுமுன் கடித்தது என்ன சாதி நாய் என்று விசாரிப்பார். அதற்குமேல் உலகத்தைப் பற்றி அவருக்குக் கேள்வியே கிடையாது.

பதுளைக்கு வாய்த்தவர் ராமாமிர்தம் முதலாளி. கடைவீதியில் அரிசிக்கடை, ஹாலிஎலயில் கொஞ்சம் காணி. காணியைச் சுற்றி வாழ்கிற சிறுகுடிகள் வீட்டுக்கு நாலைந்து வெள்ளாடு வைத்திருந்தார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று செம்மண் நிறம், ஒன்று புள்ளி. ஒன்று அடைமழைக்கு அசையாது, ஒன்று அட்டைக்கடியைப் பொருட்படுத்தாது, ஒன்று புல் காய்ந்த காலத்தில் முள்ளைக் கடித்தே பால் கொடுக்கும். எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை. அதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன மந்தையா, சந்தைக் கூட்டமா?" என்றார்.

ஆகவே வடநாட்டிலிருந்து ஒரு கடா வரவழைத்தார். கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் பண்டாரவளைக்கு ஏறி, அந்தக் காலத்தில் அதற்குமேல் தண்டவாளம் இல்லாததால் மாட்டுவண்டியில் குடைபிடிக்கப்பட்டு வந்து இறங்கியது அந்த ஆஜானுபாகு. பெயர் மகாராஜா. அதன் தகப்பன், பாட்டன், பூட்டன் பெருமைகளை முதலாளி தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். தம் சொந்தப் பூட்டன் பெயர் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

மகாராஜாவின் சேவை ஊருக்கு இலவசம். ஒரே நிபந்தனை: உள்ளூர்க் கடா ஒவ்வொன்றுக்கும் காயடித்துவிட வேண்டும். "நல்ல ரத்தத்துல தண்ணி கலக்கலாமா?" கலக்கலாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு? அடித்தார்கள்.

முதல் வருடக் குட்டிகள் உயரமாக, காது தொங்கத் தொங்க நின்றன. ஊரே வாயைப் பிளந்தது. அடுத்த வருடம் அந்தப் பெட்டைகள் பருவத்துக்கு வந்தன. மாப்பிள்ளை யார்? மகாராஜா. அவற்றின் மகள்களுக்கு? அவரேதான். தகப்பனே கணவன், தாத்தாவே தகப்பன். பிறந்தவற்றில் பாதிக்கு மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தவில்லை, மடியைப் பிடித்துக் குடிக்க முடியவில்லை. முழங்கால் மடிந்தது. ஐப்பசி மழையில் ஒரு குட்டி இருமியது. மறுநாள் எல்லாம் இருமின. ஒரே ஆட்டைத்தானே ஊர் முழுக்கக் கட்டியிருந்தார்கள்!

ஆடு வாங்க வந்த காமில் நானா குட்டிகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மொதலாளி, ஒங்கட மகாராஜாட பேரனுக்கு நடக்க ஏலாதே! இவர தூக்கிக்கொண்டு போக எனக்குப் பல்லக்கு வேணும்."

நீங்களும் நானுமாக இருந்தால் வெட்கப்பட்டிருப்போம். உயர்ந்த ரகத்துக்காரருக்கு அந்த உறுப்பு இல்லை. "எல்லாம் தாய்வழிக் கோளாறு. இன்னும் நெருக்கமாச் சேர்க்கணும்" என்றார். ஊரில் காயடிபடாத உள்ளூர்க் கடா ஒன்றே ஒன்று மிச்சம் இருப்பதும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. பெரியாயியின் புள்ளிக்கடா. காயடிக்கிறவனைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார்.

பெரியாயி குறுக்கே நின்றாள். "முனியாண்டிக்கு நேர்ந்ததுங்க. ஊனம் பட்டா சாமி ஏத்துக்காது."

முதலாளியின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரகம் பெரிதுதான், முனியாண்டி அதைவிடப் பெரிது. "எப்ப வெட்டப்போறே?"

"எம் புள்ள எந்திரிச்சு நடக்கிற அன்னிக்கு. முன்னே பொறந்த ரெண்டும் தவழாமலே போயிருச்சுங்க."

பரிமளம் என்ற அந்தக் குழந்தை சுவரைப் பிடித்து நிற்கிற பருவம். செய்தி பரவியதும் ஹாலிஎலப் பெண்களுக்கு அவள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. இருட்டில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு புள்ளிக்கடாவிடம் வந்தவர்கள் பகலில் குழந்தையைத் தரையில் விடவே இல்லை. இடுப்பு மாறி இடுப்பு.

"எம் புள்ளைக்குக் காலே இல்லாமப் பண்ணிருவீங்களாடி?" என்று பெரியாயி கத்தினாள்.

"என் ஆடு இன்னும் பருவத்துக்கு வரலக்கா. நாலு நாள் பொறுங்க!"

அப்படிப் பொறுக்கச் சொன்னவள் வேறு யாருமல்ல, முதலாளியின் மனைவி பூவம்மா.

முதலாளி பொறுக்கவில்லை. ஒருநாள் கற்கண்டும் கையுமாக வந்து, வேட்டி சேற்றில் புரளக் குந்தி உட்கார்ந்தார். "வாடி தங்கம், வாடி!" பெண்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பரிமளம் சுவரை விட்டாள். ஆடினாள். தடதடவென்று வந்து கற்கண்டைப் பறித்துக்கொண்டாள். பெரியாயி ஒரே வாயால் அழவும் சிரிக்கவும் செய்தாள்.

சொன்ன சொல் சொன்னதுதான். அந்த வாரமே கடா சாமிக்குப் போயிற்று. கறியில் முதல் பங்கு முதலாளிக்கு. ருசியாக இருக்கிறது என்றார். ரகம் கேட்கவில்லை.

அடுத்த மழைக்குக் குட்டிகள் பிறந்தன. பழையபடி சில கறுப்பு, சில சிவப்பு, பல புள்ளி. மழையில் நனைந்துகொண்டு கல்லுக்குக் கல் தாவின. முதலாளியின் கொட்டிலிலும் ஒரு புள்ளிக் கடாக்குட்டி, அப்பனை உரித்து வைத்ததுபோல.

"பாத்தியா பூவம்மா! மகாராஜா ரத்தம் இப்பத்தான் ஊறியிருக்கு."

"ஆமாங்க. புள்ளி மட்டும் எங்கேருந்து வந்துச்சோ?"

"அது தாய்வழிக் கோளாறுன்னு எத்தன தடவ சொல்றது? காயடிச்சிட்டாச் சரியாப்போகும். ஆளுக்குச் சொல்லி அனுப்பு."

"ஐயையோ, தொடாதீங்க! நேத்துத்தான் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டேன்."

"எதுக்கு?"

"ஒங்களுக்குப் புத்தி வரணும்னு. வந்த அன்னிக்கு வெட்டிரலாம்."

அந்தக் கடா கிழவயது வரை வாழ்ந்தது. ஹாலிஎலயில் இன்று துள்ளுகிற குட்டிகளெல்லாம் அதன் வம்சம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு உங்கள் பெண்ணுக்கு வரன் பேசும்போது, "வெளியில எதுக்கு? தாய்மாமன் இருக்கானே, நம்ம ரத்தம் நம்மளுக்குள்ளயே இருக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்கும். யார் பேசியது என்று சுற்றிலும் பார்க்காதீர்கள். அந்த அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.