அண்ணி அனுப்பிய முயலின் மேல் ஒரு புகார்

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணிக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டு வாசல் தொடங்கி அடுக்களை வரை நிறைந்திருப்பதாக. இங்கே உங்கள் தம்பி, ஆறு வயது சிட்டு, நான் மூவரும் உடம்புக்குச் சுகம். மனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் ஐந்தாவதோடு நின்றவள், வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதக் கற்றவள். அதனால் வார்த்தை கரடுமுரடாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விழத்தான் போகிறது.

நீங்கள் அனுப்பிய பார்சல் பெரிய வெள்ளிக்கு நாலு நாள் முன்னால் வந்தது. பிரித்தால் என் முழங்கை உயரத்துக்கு ஒரு சாக்லேட் முயல், கழுத்தில் மணி வேறு. உங்கள் அப்பா, என் மாமா, இறந்து ஆறு வாரம் முடியாத வீடு இது. போகட்டும், பிள்ளைக்குத்தானே என்று பார்த்தால், உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "ஈஸ்டர் முயல் கேட்டதையெல்லாம் கொண்டுவரும்." அண்ணி, அந்தச் சீட்டுதான் வினை. உடனே சிட்டுவை உட்காரவைத்து, வெள்ளிக்கிழமை சிலுவை, ஞாயிற்றுக்கிழமை திறந்த கல்லறை, புரண்டு கிடந்த கல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் கல்லை முயல்தான் தள்ளுச்சாம்மா?" என்கிறாள். உங்கள் தம்பி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "தள்ளியிருக்கும். அதுக்குப் பின்னங்கால்ல பலம் ஜாஸ்தி" என்கிறார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் கூட்டும்போது சிட்டுவின் கட்டிலுக்கடியில் ஒரு தட்டு. அதில் வாடிப்போன கேரட், அதன் கீழே கோணல் எழுத்தில் ஒரு தாள்: "முயலே, தாத்தாவக் கூட்டிட்டு வா. கேரட் உனக்குத்தான்." விளக்குமாறோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இவள் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, நான் என்ன சொல்வேன்? மூன்று இரவு தூக்கமில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் கண்ணுக்குள் காது நீண்ட ஒன்றுதான் வந்து நிற்கிறது.

இந்த நேரத்தில்தான் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் முட்டை தேடும் விளையாட்டு என்று அறிவிப்பு ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்து மணிக்கு, அவரே முயல் வேஷத்தில். நான் விடவில்லை. பிளாஸ்டிக் முட்டைகளை நிரப்பும் வேலையைக் கேட்டு வாங்கினேன். நாற்பது முட்டை, முப்பத்தொன்பதில் மிட்டாய், ஒன்று மட்டும் காலி. காலி முட்டை கிடைக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "இதுதான் ஈஸ்டர், கல்லறை காலி" என்று சொல்லிக்கொடுப்பதாகத் திட்டம். எந்த முட்டை எந்தத் தொட்டிக்குப் பின்னால் என்று நோட்டில் வரிசையாக எழுதி, காலி முட்டையைச் சிட்டுவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். உங்கள் தம்பிதான் கடைசியாகச் சரிபார்த்தார். "ஒண்ணு காலியா இருந்துச்சு, பாவம் ஏதாவது பிள்ளை அழும்னு நானே மிட்டாய் போட்டுட்டேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்! அதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "யாருக்குக் காலி முட்டை?" என்று கத்தினேன். மிட்டாயை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, "எனக்கு ஆன்ட்டி, எனக்கு ஆன்ட்டி" என்று அத்தனை பிள்ளைகளும் காலி முட்டையோடு என் மேல் வந்து விழுந்தார்கள்.

சிட்டு மட்டும் முட்டை தேடவில்லை. நேராக முயலிடம் போய் ஏதோ கேட்டாள். முயல் தலையாட்டியது. "அம்மா! தாத்தா வர்றாரு! முயல் சரின்னுடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடி, வெளிக் கேட்டுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் செயலாளரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன கேட்டான்னு தெரியாம எப்படித் தலையாட்டுனீங்க?" அவர் வேஷத்தின் தலையைக் கழற்றி வியர்வையைத் துடைத்து, "இதுக்குள்ள ஒண்ணும் கேக்காதும்மா. நாப்பது பிள்ளைங்களுக்கும்தான் ஆட்டுனேன். ஒருத்தன் யானை கேட்டிருக்கான். அவங்க அப்பாவுக்கு நான் என்ன சொல்றது?" என்கிறார்.

இப்போது மணி மூன்று. அடுக்களை ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் எழுந்து நிற்கிறாள், கதவு திறந்து வேறு யாரோ இறங்கினால் மறுபடி உட்காருகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "தாத்தா வந்ததும் சேர்ந்து சாப்பிடுறேன்" என்கிறாள். மூட்டியவர்தான் அணைக்க வேண்டும். நீங்களே போன் பண்ணி, முயல் என்று ஒன்று வராது, வந்தது ஆண்டவர்தான் என்று அவளிடம் சொல்லுங்கள். அடுத்த வருஷம் தயவுசெய்து வெறும் வாழ்த்து அட்டை போதும்.

அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கீழே போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "முயல் யாரையும் கூட்டிட்டு வராதுடா" என்றேன். "முயல் வேணாம். அவரே வருவாரு. தாத்தா ஊருக்குப் போயிருக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க? ஊருக்குப் போனவங்க திரும்பி வரணும்ல?" என்றாள்.

சொன்னேன்தான், அண்ணி. அடக்கத்தன்று அவளைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டபோது சொன்னேன். ஆறு வாரமாகத் திருத்தவில்லை. நீங்கள் சீட்டு எழுதியபோது இது உங்களுக்குத் தெரியாது.

"தாத்தா ஊருக்குப் போகலடா. செத்துப்போயிட்டாரு. அம்மா பொய் சொல்லிட்டேன்."

"இயேசு மாதிரி நிஜமாவே செத்துட்டாரா?"

"நிஜமாவே."

"மூணு நாள் ஆயிடுச்சா?"

"நிறைய நாள் ஆச்சு. இயேசு முதல்ல எழுந்துட்டாரு. அவர் வந்து கூப்பிடுறப்போ தாத்தாவும் எழுந்திருப்பாரு. அது என்னிக்குன்னு அம்மாவுக்குத் தெரியாது."

"அப்ப இன்னிக்கு வரமாட்டாரு."

"வரமாட்டாரு."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை அழுதாங்களா?" என்றாள். அழுதாங்க என்றேன். "எல்லாரும் சேர்ந்து அழுதீங்க. என்னை மட்டும் ஏன் கூப்பிடல?" என்றாள்.

முடிந்தால் இந்த வாரமே வாருங்கள். உங்களோடுதான் கல்லறைக்குப் போவேன் என்கிறாள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. முயலைத் திட்டியிருக்கும் இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.