ஏழு மூட்டையர்

உலகத்தில் ஜீப் செய்தவர்கள் எல்லோரும் மனிதர் ஏறிப் போவதற்காகத்தான் செய்தார்கள். நெல் மூட்டையை மனதில் வைத்து ஒரு ஜீப்பை அடியோடு மாற்றிக் கட்டிய ஒரே ஆள் எங்கள் ஏழு மூட்டையர்தான். மற்றவர்கள் வண்டி ஓடினால் பாரம் ஏற்றுவார்கள். இவர், பாரம் ஏற்றினால்தான் வண்டி ஓடும் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தவர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். வாக்காளர் இடாப்பைப் புரட்டினால் அகப்படும். கொலனியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய காலம். கனகராயன்குளத்தில் இருந்து உள்ளே ஆறு மைல் தள்ளி ஒரு குடியேற்றத் திட்டம், அதுதான் கொலனி. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காடு வெட்டி வயல் செய்த குடும்பங்கள். வாய்க்கால் வேலையை மேற்பார்வை செய்ய நான் ஓவசியராகப் போனேன். நான் அரசாங்கத்து ஆள். ‘ஓவசியர் தம்பி’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு, மரியாதையாகவே தள்ளி வைத்திருந்தார்கள். கலியாண வீட்டில் எனக்குத் தனிக் கதிரை கிடைக்கும். பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

கொலனிக்கும் கண்டி வீதிக்கும் நடுவில் ஓர் ஓடை. கோடையில் அதில் மாடு குடிக்கத் தண்ணீர் இராது. மாரியில் மாட்டையே கொண்டுபோய்விடும். நான் போவதற்கு முந்தின மாரியில், மூட்டையரின் மனைவி பூரணம் அக்கா பிள்ளைப்பேற்று நோவோடு அந்த ஓடைக்கரையில் மாட்டுவண்டிலில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தார். தண்ணீர் வற்றவில்லை. பிள்ளை தங்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் ஊர்த் தலைமை பார்த்த விதானையார். அந்த வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. அடுத்த மாதமே மூட்டையர் வவுனியாவுக்குப் போய், பட்டாளம் விட்டுப்போன பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தாராம். “இனி ஓடைக்கரையிலை ஒருத்தரும் கிடக்கப்படாது” என்றாராம்.

நான் முதல் முதலாக அவரைப் பார்த்தபோது அவருடைய இரண்டு கால்களைத்தான் பார்த்தேன். ஜீப் நான்கு மரக்குற்றிகளில் நின்றது. கீழே இருந்து குரல் வந்தது.

“ஓவசியர் தம்பியே? கணக்குத் தெரிஞ்ச ஆள்தானே, ஒண்டு சொல்லுங்கோ. ஜீப்பை உயத்த மூண்டு வழி இருக்கு. வில்லுத்தகடு கூடப் போடலாம். வில்லுத் தொங்குற கொளுவியை நீட்டலாம். இல்லாட்டி, அச்சுக்குக் கீழை கிடக்கிற வில்லைத் தூக்கி மேலை வைக்கலாம். எது திறம்?”

“எவ்வளவு உயரம் வேணும் அண்ணை?”

“ஓடையிலை தண்ணி எனக்குத் தொடை மட்டும் வரும்.”

நான் இரண்டு நாள் யோசித்துப் படம் கீறிக்கொண்டு போனேன். அதற்குள் அவர் மூன்றையும் செய்து முடித்திருந்தார். வில்லுத்தகடு நெளுக்குளத்தில் மரம் விற்கிற ஒரு மரக்காலைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த லொறியில் இருந்து கழற்றியது. அதை விற்ற பழைய இரும்பு வியாபாரி நானா ஆன மட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“இது லொறி வில்லு அண்ணன். ஜீப்புக்குப் போட்டா மரக்கட்டை மாதிரி நிக்கும். பாரம் வெச்சாத்தான் வளையும்.”

“வன்னியிலை எந்த வண்டி நானா வெறுமையாப் போகுது?”

நானா வில்லைக் கழற்றிக் கொடுத்தார். மூட்டையர் சொன்னது உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஒரு சைக்கிள்கூட அரைச் சாக்கு இல்லாமல் வீதிக்கு வராது.

ஜீப் உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தது என்றால், பூரணம் அக்கா அதில் ஏறுவதற்குக் குசினியில் இருந்து முக்காலி கொண்டுவர வேண்டியிருந்தது. முதல் ஓட்டத்தில் அது நேரே விதானையாரின் வேலிக்குள் போனது. இரண்டாவது ஓட்டத்திலும் அதே வேலிதான். ஸ்ரேறிங் ஒரு பக்கம், ஜீப் ஒரு பக்கம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சில்லு தன் பாட்டுக்குத் திரும்பியது.

நான் குனிந்து பார்த்தேன். உடம்பை மட்டும் உயர்த்தியதால், ஸ்ரேறிங்கில் இருந்து சில்லுக்குப் போகும் தண்டு கூரை மாதிரிச் சரிந்து நின்றது. வில்லு அசையும்போதெல்லாம் அது சில்லைப் பிடித்து இழுத்தது.

“அண்ணை, தண்டைப் பிடிக்கிற கையைக் காய்ச்சிக் கீழை வளைச்சால் தண்டு மட்டத்துக்கு வரும்.”

“காய்ச்சின இரும்பிலை ஒரு உயிரை நம்பி ஏத்தேலாது தம்பி. வேறை வழி பாப்பம்.”

அது அறுவடை மாதம். முற்றம் நிறைய நெல். அவர் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி ஜீப்பில் வைத்தார். வைக்க வைக்க வில்லு தாழ்ந்தது, தண்டும் மட்டத்துக்கு வந்தது. ஏழாவது மூட்டையில் என்னுடைய ரசமட்டத்தை வாங்கித் தண்டில் வைத்தார். குமிழி நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது. “திறம் அண்ணை!” என்று கத்தியவன் நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஏழு மூட்டையோடு அந்த ஜீப் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியது. அதனால் மூட்டைகளை அவர் இறக்கவே இல்லை. கோயிலுக்குப் போனாலும் ஏழு மூட்டை, மரண வீட்டுக்குப் போனாலும் ஏழு மூட்டை. பெயர் அப்படித்தான் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் மறந்த விஷயம் ஒன்று இருந்தது. நெல்லை மனிதர் சாப்பிடுவார்கள். ஆனி மாதம் பூரணம் அக்கா ஒரு மூட்டையை இறக்கி அவித்தார். ஜீப் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கத் தொடங்கியது. ஆடியில் இன்னொன்று.

“இஞ்சேரும், அதிலை கை வையாதையும். ஸ்ரேறிங் கெட்டுப்போகும்.”

“சோறு வேணுமோ, ஸ்ரேறிங் வேணுமோ? ஒண்டைச் சொல்லுங்கோ.”

அவர் சோறு என்றுதான் சொன்னார். மனிதருக்கும் பசிக்கும்தானே. கார்த்திகையில் கடைசி மூட்டையும் குசினிக்குள் போய்விட்டது. பதிலுக்கு மணல் மூட்டை ஏற்றினார். மழையில் மணல் ஊறிப் பாரம் ஏறி, ஒரு வில்லுத்தகடு முறிந்தது. தகட்டை மாற்றினாலும் மணலை அதற்குப் பிறகு அவர் நம்பவில்லை. ஓடைக்காகக் கட்டிய ஜீப், ஓடை நிறையும் மாதத்தில் மாட்டுக் கொட்டிலில் வெறுமையாக நின்றது. ஊர் வாய்விட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மார்கழியில் ஒரு காலை என் வயிற்றின் வலப்பக்கத்தில் நோவு தொடங்கியது. முதலில் பழஞ்சோற்றைக் குற்றம் சொன்னேன். பத்து மணிக்கு நிமிர முடியவில்லை. குடல்வால் என்றும், உடனே வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆள் தப்பாது என்றும் விதானையார் சொன்னார். அவருடைய மைத்துனருக்கு அப்படித்தான் நடந்ததாம். வெளியே மழை. ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது.

மூட்டையர் வந்து என்னைப் பார்த்தார். உடனே வெளியே போனார். பிறகு ஒழுங்கையில் அவருடைய குரல் கேட்டது. ஒவ்வொரு வேலியாகக் கூப்பிட்டு ஆட்களின் பாரத்தைக் கண்ணால் நிறுத்துக்கொண்டிருந்தார்.

“நீர் முக்கால் மூட்டை வருவீர், ஏறும். தம்பி, நீ ஒண்டு. விதானையார், நீங்கள் ஒண்டரை, பின்னுக்கு நடுவிலை இருங்கோ.”

“நான் விதானை!”

“ஓம், அதுதான் ஒண்டரை.”

விதானையார் குடையோடு ஏறினார். ஏழு மூட்டைக் கணக்குக்கு ஏழு பேர் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். என்னை முன்னுக்குத் தூக்கி வைத்தார்கள்.

“நானும் ஒரு பாரம்தானே அண்ணை?” என்று முனகினேன்.

“நீங்கள் அரை மூட்டைக்கும் காணாது. உங்களைக் கணக்கிலை சேர்க்கேல்லை. பேசாமல் இருங்கோ.”

பூரணம் அக்கா என் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார். பிறகு கணவரைப் பார்த்து மெல்லச் சொன்னார். “ஓடையிலை நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

ஓடைக்கு நடுவில் சில்லு ஒன்று சேற்றில் புதைந்தது. மூட்டையர் திரும்பி, “மூண்டு பேர் இறங்கித் தள்ளுங்கோ!” என்றார். மூன்று பேர் இறங்கினார்கள். பாரம் குறைந்ததும் ஸ்ரேறிங் வெட்டி, ஜீப் ஓடையோடு போகப் பார்த்தது. “ஏறுங்கோ! ஏறுங்கோ!” ஏறினார்கள். ஜீப் நேராக நின்றது, ஆனால் நகரவில்லை. தண்ணீர் என் காலடிப் பலகைக்கு வந்துவிட்டது. மூட்டையர் முகம் வெளிறிப் போயிருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை.

“பின்பலகையிலை தொங்கிக்கொண்டு தள்ளுங்கோடா!” என்று கத்தியவர் விதானையார். ஒண்டரை மூட்டையும் குடையை எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தது. நாலு பேர் தொங்கினபடி காலால் சேற்றை உதைக்க, ஜீப் உறுமி அக்கரையில் ஏறியது.

அங்கே மூட்டையர் ஒரு கணம் நிறுத்தி, ஓடையைத் திரும்பிப் பார்த்தார். விதானையார் அவர் தோளைத் தொட்டு, “ஓட்டு தம்பி” என்றார். கண்டி வீதி முழுக்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூட்டையர் என்னிடம் “நோகுதோ? நோகுதோ?” என்று கேட்டார். நோகத்தான் செய்தது. ஏழு பேரின் பாரத்தில் அந்த லொறி வில்லு தொட்டில் மாதிரி அசைந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் சேறு வழிய வரிசையாக நின்ற ஏழு பேரையும் பார்த்தார்.

“இவ்வளவு பேரும் நோயாளியின்ரை சொந்தக்காரரோ?”

“இல்லை ஐயா” என்றார் மூட்டையர். “இவை பாரம்.”

பத்து நாள் கழித்து என்னைக் கூட்டிப்போக ஜீப் வந்தது. மழை விட்டிருந்தது. பின்னுக்கு விதானையார் புதுக் குடையோடு இருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர்தான்.

“அண்ணை, ஒராள் குறையுது.”

“ஒருத்தரும் குறையேல்லை. ஏழாவது ஆள் நீங்கள்தான். பின்னுக்கு ஏறுங்கோ.”

“அரை மூட்டைக்கும் காணாது எண்டனீங்கள். இப்ப அதிலும் மெலிஞ்சுபோனன்.”

“அது அப்பத்தைக் கணக்கு.”

விதானையார் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தனிக் கதிரை இல்லாமல் அந்த ஊரில் நான் இருந்த முதல் இடம் அதுதான். என் பாரம் போதாமல் ஜீப் வழி நெடுக இடப்பக்கம் இழுத்தது. மூட்டையர் இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்து, வியர்வை ஒழுக ஒழுக ஓட்டினார். நடுவில் ஒருமுறை திரும்பி, “பாத்தியளே தம்பி, எப்பிடி நேராப் போகுது?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை,” என்றேன். “ரசமட்டம் வைச்ச மாதிரி.”