உங்கள் தங்கையின் குங்ஃபூ வகுப்பும் என் பேண்ட் நாடாவும்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சானுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் தொந்தரவு கொடுக்க எழுதுகிறேன். நலம் என்பது மரியாதைக்குச் சொன்னது. உங்கள் தங்கைக்குக் கணுக்கால் சுளுக்கு, எனக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே வலி. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லி, அவள் வீட்டுக் கூடத்தில் நடத்தும் அந்தக் குங்ஃபூ வகுப்பை மூடவைக்க வேண்டும். என் பேச்சு எடுபடாது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆயுள் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவன் ஓய்வு பெற்றதும் என்ன கேட்பான்? ஒரு சாய்வு நாற்காலி. அதுவும் இப்போது பால்கனியில் கிடக்கிறது, ஏனென்றால் கூடத்தில் ஊரார் உதைத்துப் பழகுகிறார்கள். சோபா படுக்கையறைச் சுவரில் செங்குத்தாக நிற்கிறது. நானும் பால்கனியிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம், கண் பழக்கம் விடுமா, "பின் வரிசைல இடது கை விட்டுப்போச்சு", "அந்தத் திரும்பல் ரெண்டு தடவ வந்துடுச்சு" என்று அங்கிருந்தே திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு வினையானது. தலை உயரத்துக்குக் காலைத் தூக்கி உதைக்கிற உங்கள் தங்கை, பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது காலைச் சுளுக்கிக்கொண்டாள். குங்ஃபூ சங்கத்திலிருந்து பெரிய மாஸ்டர் அம்மா வகுப்பைப் பார்க்க வருகிற சமயம். அவர் சரி என்றால்தான் இவள் சொந்தமாகக் கற்றுக்கொடுக்கலாம், இல்லாவிட்டால் வகுப்பைக் கலைக்க வேண்டியதுதான். இத்தனை வருடம் வியர்வை சிந்திக் கற்ற வித்தை மச்சான், அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"இவ்ளோ தப்பு கண்டுபிடிக்கறீங்கல்ல, முன்னாடி வந்து நில்லுங்க. எந்த அசைவுக்கப்புறம் எதுன்னு உங்களுக்குத்தான் மனப்பாடம். நீங்க செஞ்சு காட்டுங்க, அவங்க பார்த்துப்பாங்க" என்றாள். என் நாற்காலியில் அவள், அவள் இடத்தில் நான். கீழ்வீட்டுத் தையல்காரர், முதலில் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்து பிறகு மாணவராகவே சேர்ந்துகொண்டவர், எல்லாருக்கும் புதுச் சீருடை தைத்தார். எனக்கு மட்டும், "இனிமே சதை போடுவீங்க சார்" என்று தாராளமாகத் தைத்துவிட்டார். நாடாவோ வழவழவென்று இருந்தது, எத்தனை முடிச்சுப் போட்டாலும் நழுவும். ஒவ்வொரு உதைக்கு முன்னாலும் இரண்டு கையாலும் பேண்ட்டை இழுத்துவிட்டு, இடுப்பை ஒரு குலுக்கு குலுக்கி, அப்புறம்தான் காலைத் தூக்குவேன். மானம் முக்கியமல்லவா? மாணவர்களும் அப்படியே இழுத்துவிட்டார்கள். உங்கள் தங்கை அதைப் பார்க்காமல் இல்லை, எல்லாருக்கும் பேண்ட் தொளதொள என்று நினைத்துத் தையல்காரரைத்தான் திட்டினாள். அவர் கோபித்துக்கொண்டாரே தவிர, அவரும் இழுத்துவிட்டார்.

பெரிய மாஸ்டர் வந்தார். ஒல்லியான அம்மா, சிரிப்பு என்பதையே கேள்விப்படாத முகம். நான் பால்கனிக்கு நழுவிவிட்டேன். குதிரை நிலை பிரமாதம், குத்து பிரமாதம், உதைக்கும் கட்டம் வந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடுப்பில் கை வைத்து, இழுத்து, குலுக்கி, உதைத்தார்கள். பெரிய மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது என்ன?" என்று முன் வரிசையில் நின்ற மாணவரை, நம் தெருப் பல் டாக்டரை, கேட்டார்.

"இடுப்பைத் திரட்டும் நிலை, மாஸ்டர்" என்றார் அவர், கண் இமைக்காமல்.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

எல்லாரும் பால்கனியைப் பார்த்தார்கள். பிழை திருத்தியே பிழைத்தவன் நான், என் பிழை இத்தனை பிரதியாக அச்சாகி வரிசையில் நின்றது. உங்கள் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உழைப்பெல்லாம் என் நாடாவோடு போயிற்றே என்று நினைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். மாஸ்டர் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். நாடா அன்றும் நழுவியது. அந்த அம்மா என் சாய்வு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தப்பக்கூட ஒருத்தர் விடாம ஒரே மாதிரி செய்யறாங்க. இப்படி உத்துப் பார்த்துக் கத்துக்கற வகுப்ப நான் பார்த்ததே இல்ல. தாராளமா நடத்துங்கம்மா. ஆனா இவருக்கு எலாஸ்டிக் வெச்சுத் தைங்க" என்றார்.

உங்கள் தங்கை சுளுக்கிய காலோடு குதித்தாள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது, என் நாற்காலிக்கு மாஸ்டர் நாற்காலி என்று பெயர் வைத்து யாரையும் உட்கார விடுவதில்லை. ஆகவே அவசியம் வந்து கண்டித்துவிட்டுப் போங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாரும் முழங்கால் வலி இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் அப்பாவிக் கணவன்

பி.கு.: வருவதானால் காலை எட்டு மணிக்கு மேல் வாருங்கள். அதுவரை பெரியவர்கள் வகுப்பு, நான்தான் எடுக்கிறேன், நடுவில் கதவைத் தட்டினால் எனக்குக் கோபம் வரும். உங்கள் இடுப்பளவையும் எழுதி அனுப்புங்கள், தையல்காரர் கேட்கிறார். மேலே சுளுக்கு என்று எழுதினேனே, உண்மையில் அவள் கணுக்கால் எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் முன்னால் நிற்பவனை யாரும் நகரச் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் பேண்ட்டுக்கு எலாஸ்டிக் வைத்தாயிற்று, இருந்தும் இழுத்துவிடாமல் கால் எழும்ப மாட்டேன் என்கிறது. நேற்று உதைப்பதற்கு முன் உங்கள் தங்கையும் இழுத்துவிட்டாள். அவள் பேண்ட் எப்போதும் கச்சிதம்.