காலி லோரியும் உன் மாமாவும்

இரண்டாவது லைன், தேயிலைத் தோட்டம்,
ரிங்லெட்.

அன்புத் தம்பி குகனேஸ்வரனுக்கு, அக்கா வசுமதி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், தேயிலையும் சுகம், மழைதான் நிற்கவில்லை. கிள்ளானில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பிடு. அக்கா கோபமாக இருக்கிறாளே என்று பட்டினி கிடக்காதே.

நீ லோரி கம்பெனியில் புகைக் கணக்குப் பார்க்கும் அதிகாரி ஆனபோது லைன் வீடுகள் முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தவள் நான். உன் முதல் உத்தரவு என் வீட்டுக்காரர் தலையில்தான் விழுந்தது. தொழிற்சாலையில் நான் கட்டும் தேயிலைப் பெட்டிகளை உன் மாமா வாரம் இரண்டு முறை கிள்ளானில் இறக்கிவிட்டு, காலி லோரியோடு வீடு திரும்புவார். லோரி காலியாக மலையேறுவதுதான் வீண் புகைக்குப் பெரிய காரணம், சரக்கில்லாமல் யாரும் திரும்பக் கூடாது என்று நீ எழுதி ஒட்டிவிட்டாய். அன்றிலிருந்து அவருக்கு ஜொகூருக்கும் குவாந்தானுக்கும் சரக்கு கிடைக்கிறது, இந்த மலைக்கு மட்டும் கிடைக்கவில்லையாம். ஐந்து வாரமாகிவிட்டது தம்பி, நான் கட்டிய பெட்டிகளும் தொழிற்சாலையிலேயே குவிந்து கிடக்கின்றன.

போனில் கேட்டால், "நான் என்ன செய்யட்டும் வசு? காலியா ஏறக்கூடாதுன்னு உன் தம்பி ஓர்டர்லா. லோட் கெடைச்சா மறுநிமிஷம் வந்துருவேன்" என்கிறார். பின்னால் எஞ்சின் உறுமுகிறது. "லோரி ஓடுதா?" என்று கேட்டேன். "இல்ல, மூணு நாளா நிக்குது. வெக்கை தாங்கல, ஏர்கோன் போட்டுப் படுத்திருக்கேன்" என்றார். நின்ற இடத்திலேயே மூன்று நாள் புகைவிட்டிருக்கிறாரே, அதை எந்தக் கட்டத்தில் எழுதினாய்?

சரி, சரக்குதானே வேண்டும் என்று நானே இறங்கினேன். லைன் லைனாகப் போய், கிள்ளானிலிருந்து ஆளுக்கொரு சாமான் ஆர்டர் போடச் சொல்லிக் கெஞ்சினேன். மாரியம்மா அக்கா நல்ல அலமாரியை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார், தங்கையா அண்ணன் நான்கு மெத்தை, கோயில் கமிட்டி இருநூறு நாற்காலி, நான் ஒரு வாஷிங் மெஷின். யாருக்கும் எதுவும் தேவையில்லை, பாவம், என் முகத்துக்காகப் போட்டார்கள். நேற்று அவருக்குப் பிடித்த நெத்திலி சம்பல் வைத்து, தலையில் பூவும் வைத்துக்கொண்டு ரோட்டில் போய் நின்றேன். லோரி வந்தது. ஆனால் அது பத்து டன் லோரி, ஓட்டி வந்தவன் உங்கள் கம்பெனியின் இன்னொரு டிரைவர் அர்ஜுனன். "இவ்வளவு சாமானும் அண்ணன் லோரியில அடங்கலக்கா. ரெண்டு தடவ ஏறினா பொகை கூடுமாம், அதான் ஒரே பெரிய லோரியில ஏத்திட்டாங்க" என்றான். சம்பலையும் அவனே சாப்பிட்டான். நன்றாக இருந்ததாம்.

சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இன்னமும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே அரிசி போட்டுவிட்டு, மிச்சத்தை மறுநாள் நானே தின்கிறேன். கடைசி வளைவில் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே அவர் லோரியைச் சொல்லிவிடுவேன். இப்போது யார் கியர் மாற்றினாலும் கதவுக்கு ஓடுகிறேன். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புகை கெடுதல்தான், மழை தாறுமாறாகக் கொட்டுவதை நாங்களும் பார்க்கிறோம். ஆனாலும் மாதம் ஒரு முறையாவது அவரைக் காலியாக அனுப்பிவை. இந்தக் குளிரை விட்டு நான் எங்கும் வரமாட்டேன், அவர்தான் வரவேண்டும். இல்லையென்றால் தீபாவளிக்கு நீ என் வாசலை மிதிக்காதே.

முருகன் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும், உன் கணக்கை மட்டும் கொஞ்சம் கலைக்கட்டும்.

கோபம் தீராத அக்கா,
வசுமதி

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன். நாளைக்கு அர்ஜுனன் தேயிலை ஏற்றிக்கொண்டு இறங்குகிறான், அவனோடு வந்துவிடுவேன். தொழிற்சாலையில் ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. பின்னால் சரக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாயே தம்பி, பத்தொன்பது வருஷமாக உன் மாமாவுக்குப் பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் ஓடுகிறது. ஜொகூரோ குவாந்தானோ, இனிமேல் அது காலியாகப் போகாது.