அண்ணி எடை போட்ட மென்பொருள்

அரைகுறையாகத் தெரிந்தவனிடம் எதையும் பழுது பார்க்கக் கொடுக்கக்கூடாது. இதை நான் தைரியமாகச் சொல்லலாம். அந்த அரைகுறையே நான்தான். ரவாங் தொழிற்சாலை ஒன்றில் பிரிண்டருக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, குடும்பத்தில் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று பெயர். (பட்டம் கொடுத்ததும் நான்தான்.)

என் அண்ணி ஜெராம் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணி, அதாவது எழுத்தர். பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை எடை பார்ப்பது அவர் வேலை. நாற்பது வயதில், வேலையையும் விடாமல் பட்டப்படிப்பு படித்தார். கடைசித் தேர்வு மதியம் இரண்டு மணிக்கு, இணையத்தில். அதற்கென்று ஒரு மென்பொருளை மடிக்கணினியில் ஏற்ற வேண்டும். தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"என்கிட்ட விடுங்க அண்ணி" என்றேன்.

இறக்கினேன். திறந்தால், கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்றது. கணினியை அணைத்துப் போட்டேன். வைரஸ் தடுப்பானைத் தூக்கினேன். திரையைத் துடைத்தேன். (ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.) மூன்று முறை இறக்கியும் அதே பதில். மணி பன்னிரண்டரை. "வீட்டுல லைன் சரியில்ல" என்று தீர்ப்பு சொல்லி, அண்ணியைக் காரில் ஏற்றி, நல்ல லைனைத் தேடிக் கடலோரம் சுங்கை செம்பிலாங் பக்கம் பறந்தேன். அண்ணி மடியில் கணினி. கைப்பேசி இணையத்தில் கோப்பு இறங்கியபடியே வந்தது. முடிந்ததும் திறந்து பார்த்தார். அதுவும் கெட்டிருந்தது.

"மென்பொருள் செஞ்சவன் மேலதான் தப்பு அண்ணி!"

அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. (அவர் இடத்தில் நான் இருந்தால் என்னை அடித்திருப்பேன்.) மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"தம்பி, அவங்க போட்டிருக்கிற சைஸ் நூத்தி அறுபது எம்பி. நமக்கு வந்தது தொண்ணூத்தி நாலு. சீட்டுல ஒரு எடை, தராசுல ஒரு எடை. பாதி சரக்கு வழியிலயே கொட்டிருச்சுலா."

அந்த எண்ணை நான் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"மொதல்ல காடிய நிறுத்துங்க. லோரி ஆடிக்கிட்டே இருந்தா நான் எடை எடுப்பேனா?"

மீன் இறக்கும் துறை ஓரமாக நிறுத்தினேன். அரைகுறைக் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு, கைப்பேசியை அசையாமல் வைத்து, அண்ணி புதிதாகத் தொடங்கினார். இறங்கி முடிந்ததும் எண்ணைச் சரிபார்த்தார்: நூற்று அறுபது. மென்பொருள் திறந்தது. மணி ஒன்று ஐம்பத்து மூன்று. பின்சீட்டில் அவர் தேர்வெழுத, கம்ப்யூட்டர் டாக்டர் வெளியே வெயிலில் நின்று பூனை விரட்டினார். அண்ணி நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். அவ்வளவு பதற்றத்திலும் நிதானம் இழக்காத ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். மருத்துவமனை அட்டையில் மூன்று கிலோ இருநூறு கிராம் என்று எழுதியிருந்தது. பார்க்க வந்த அண்ணி அட்டையைப் படித்துவிட்டு, தாதியிடம் கேட்டுக் குழந்தையை மறுபடியும் தராசில் கிடத்தினார். அவள் கால் உதைப்பதை நிறுத்தும்வரை காத்திருந்தார். இன்று எங்கள் வீட்டு விருந்துகளில் என் மனைவி தவறாமல் சொல்வது, அப்போது அண்ணி என் பக்கம் திரும்பிச் சொன்னதைத்தான்:

"கவலப்படாதீங்க தம்பி, முழுசா எறங்கியிருக்கு."